மலையில் ட்ரோன்: பறக்கவிடும் முன் நடந்து பாருங்கள்



மலைக் கிராமக் குழுக்களுக்குப் போகும்போதெல்லாம் இப்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "ஏங்க மேடம், ட்ரோன் வாங்கிட்டா பட்டனை அமுக்கினாப் போதுமாமே? தானாப் போய் மருந்தடிச்சிட்டு, தானா வந்து இறங்கிடுமாமே?"

பாதி உண்மை. தானாகப் போகும், தானாக வரும். ஆனால் எங்கே போக வேண்டும், எவ்வளவு உயரத்தில் போக வேண்டும், எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். சமவெளியில் அந்தத் திட்டத்தில் சின்னப் பிசகு இருந்தால் இரண்டு வரிசை விட்டுப்போகும், அவ்வளவுதான். மலையில் பிசகினால் ட்ரோன் மலைமீதே மோதும்.

இதை ஏன் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்? 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விவசாய ட்ரோன் கொடுப்பது என்று 2025-26 வரைக்கும் வகுத்த திட்டம் அது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். மீதியைக் கூட்டமைப்பு கடனாக வாங்கிக்கொள்ளலாம். அந்தத் திட்டத்தில் வந்தாலும் சரி, வேறு வழியில் வாங்கினாலும் சரி, வாடகைக்கு ஆள் அழைத்தாலும் சரி, ஒன்றை மறக்கக் கூடாது. ட்ரோன் மரத்தில் மோதி நொறுங்கினாலும் கடன் தவணை நிற்காது. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம்தான். ஆகவே அது எப்படிப் பறக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தானாகப் பறப்பது என்றால் என்ன?

நாம் வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறோம். முதலில் புள்ளி, பிறகு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு. ட்ரோனுக்கும் அதேதான். திட்டம் போடுபவர் டேப்லெட்டில் நிலத்தின் படத்தைத் திறந்து, வயலின் நான்கு மூலையைக் குறிப்பார். மென்பொருள் அதற்குள் வரிசை வரிசையாகக் கோடு போடும். ஒவ்வொரு கோட்டின் இரண்டு முனையும் ஒரு புள்ளி. இதை வழிப்புள்ளி என்கிறார்கள். ட்ரோன் ஜிபிஎஸ் துணையோடு ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போகும். மாடு கட்டி ஏர் ஓட்டும்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்புகிறோமே, அதே மாதிரி.

ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எந்த இடம், எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம். இடமும் வேகமும் மலையிலும் சமவெளியிலும் ஒன்றுதான். சிக்கல் எல்லாம் உயரத்தில் இருக்கிறது.

மூன்று விதமான உயரம்

கிணற்றில் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கேட்டால், "எங்கிருந்து அளக்கணும்? மேடையிலிருந்தா, தரையிலிருந்தா?" என்று திருப்பிக் கேட்போம். ட்ரோனின் உயரத்தைப் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் கேட்க வேண்டும். மூன்று உயரம் உண்டு.

முதலாவது, கடல் மட்டத்திலிருந்து உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்கிறோமே, அது.

இரண்டாவது, கிளம்பிய இடத்திலிருந்து உயரம். ட்ரோன் எழும்பிய தரையைச் சைபர் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்று காற்றழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும். பல ட்ரோன்களில் நாம் "60 மீட்டர்" என்று கொடுத்தால் இந்த உயரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, அந்த நேரத்தில் ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் நிலத்திலிருந்து உயரம். நமக்கு முக்கியம் இதுதான்.

சமவெளியில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றே. மலையில் இரண்டும் வேறு. ஒரு கணக்குப் பார்ப்போம். அடிவாரத்தில் நின்று 60 மீட்டர் உயரம் கொடுத்து ட்ரோனை அனுப்புகிறோம். எதிரே சரிவு 45 மீட்டர் ஏறுகிறது. ட்ரோன் நேராகவே போகிறது. மேட்டுக்கு வந்ததும் அதற்கும் நிலத்துக்கும் நடுவே 15 மீட்டர்தான் மிச்சம். அங்கே 20 மீட்டர் சில்வர் ஓக் மரம் நின்றால்? மரத்தின் உச்சிக்கு 5 மீட்டர் கீழே போய் மோதும். ட்ரோன் தன் கணக்கில் சரியாக 60 மீட்டரில்தான் பறந்தது. அதற்கு மலை ஏறுவது தெரியாது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். மேட்டில் நின்று 100 மீட்டர் உயரம் கொடுத்துப் பள்ளத்தின் மேல் அனுப்புகிறோம். பள்ளம் 50 மீட்டர் கீழே இருக்கிறது. இப்போது நிலத்திலிருந்து 150 மீட்டர். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தை நிலத்துக்கு மேல் 120 மீட்டர், அதாவது 400 அடி வரைதான் வைத்திருக்கின்றன. நாம் அறியாமலே விதியை மீறிவிட்டோம்.

படிக்கட்டில் கோலம்

இதற்குத் தீர்வு, நிலம் ஏறும்போது ட்ரோனும் ஏற வேண்டும், இறங்கும்போது இறங்க வேண்டும். இதை நிலத்தைத் தொடர்ந்து பறத்தல் என்கிறார்கள். இரண்டு வழியில் இது நடக்கிறது.

ஒன்று, ட்ரோனின் அடியில் இருக்கும் ராடார் கருவி கீழே நிலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டே போகும். மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில் பறக்க வேண்டும், அதற்கு இது உதவும். ஆனால் எவ்வளவு செங்குத்தான சரிவு வரை இது வேலை செய்யும் என்பதற்கு ஒவ்வொரு கருவிக்கும் எல்லை உண்டு. கையேட்டில் இருக்கும். வாங்கும் முன்னே கேளுங்கள்.

இரண்டு, நிலத்தின் மேடுபள்ளம் அடங்கிய உயர வரைபடத்தை முன்கூட்டியே திட்டத்தில் சேர்ப்பது. இந்த வரைபடம் எங்கிருந்து வருகிறது? 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றி, ராடார் மூலம் உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை அளந்தது. இன்றைக்கும் பல மென்பொருள்கள் அந்தக் கணக்கைப் பயன்படுத்துகின்றன. நம் இஸ்ரோ 2005-ல் ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் படங்களிலிருந்தும் இப்படி ஒரு வரைபடம் தயாரிக்கப்பட்டு, 'புவன்' இணையதளத்தில் கிடைக்கிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் அதன் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் இந்த வரைபடங்களில், சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் உயரம்தான் இருக்கும். அந்தச் சதுரத்துக்குள் நம்முடைய நாலு படிவயல் அடங்கிப்போகும். நாலுக்கும் ஒரே உயரம் என்று அது சொல்லும். விண்வெளி ஓடத்தின் அளவைக்கு உயரத்தில் 16 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்றுதான் இலக்கே வைத்தார்கள். செங்குத்துச் சரிவில் பிழை இன்னும் கூடும். ஆகவே வரைபடத்தை மட்டும் நம்பித் தாழப் பறப்பது ஆபத்து. வரைபடத்தோடு பறக்கும்போது மேலே தாராளமாக இடைவெளி விட வேண்டும்.

வரைபடத்தில் இல்லாதவை

உயர வரைபடத்தில் கரண்ட் கம்பி கிடையாது. செல்போன் கோபுரம் கிடையாது. 2000-க்குப் பிறகு வளர்ந்த மரம் கிடையாது. காட்டுப் பன்றிக்கு யாரோ கட்டிய கம்பி கிடையாது.

ஒரு மலைக் கிராமத்தில் செயல்விளக்கம் காட்ட வந்தவர்கள் டேப்லெட்டில் அழகாகக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர், எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா தம்பி, அந்தப் பலா மரத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவுல கம்பி போகுதே, அது இதுல எங்க இருக்கு?" படத்தில் இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால், ஓடையைத் தாண்டி ஒரே இழுப்பாகக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டை மாற்றிப் போட்டார்கள். அந்த அம்மா சொல்லாவிட்டால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று எல்லோருக்கும் புரிந்தது.

சகோதரிகளே, இந்தப் பாடத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். மலையில் ட்ரோன் திட்டத்தின் பாதி டேப்லெட்டில் நடக்கிறது. மறுபாதியைக் காலால் நடந்துதான் போட வேண்டும். அந்த மறுபாதி நமக்குத் தெரியும். எந்த மேட்டில் எந்த மரம், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் காற்று, எந்தப் பாறையில் மலைத்தேன் கூடு என்பதெல்லாம் விறகுக்கும் தண்ணிக்கும் நடந்த கால்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாது. அதனால் "நமக்கு என்ன தெரியும், படிச்சவங்க போடட்டும்" என்று ஒதுங்கக் கூடாது.

வரிசையை எந்தப் பக்கம் போடுவது?

நீர்வடிப்பகுதித் திட்டத்தில் வேலை செய்த சகோதரிகளுக்கு 'ஏ' வடிவச் சட்டம் நினைவிருக்கும். அதை வைத்துச் சரிவில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைக் குறித்து, சம உயர வரப்பு போட்டோம். ட்ரோனின் வரிசையையும் முடிந்தவரை அதே சம உயரக் கோட்டை ஒட்டிப் போடுவது நல்லது. சரிவில் மேலும் கீழுமாக ஓட்டினால் ஒவ்வொரு வரிசைக்கும் ஏறி இறங்க வேண்டும். ஏறுவதற்கு பேட்டரி அதிகம் செலவாகும். தலைச்சுமையோடு செங்குத்தாக ஏறுவதற்கும் சரிவின் குறுக்கே நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மண்சரிவு, நில அளவு, ஓடைப் பாதுகாப்பு இவற்றுக்காகப் படம் எடுக்கும் ட்ரோன் என்றால் இன்னொன்று கவனிக்க வேண்டும். படங்களைப் பிறகு ஒட்டிச் சேர்த்து ஒரே வரைபடம் ஆக்குவார்கள். ஓலைக் கூரை வேயும்போது ஒரு கீற்று அடுத்த கீற்றின் மேல் ஏறி நிற்பதுபோல, ஒரு படம் அடுத்த படத்தோடு பெரும்பகுதி ஒட்டி வர வேண்டும். 60 முதல் 80 சதவீதம் வரை வைப்பது வழக்கம்.

கணக்கு இதோ. 100 மீட்டர் உயரத்தில் ஒரு படம் 100 மீட்டர் அகல நிலத்தைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை 30 மீட்டர் விட்டால் 70 சதவீதம் ஒட்டும். மேடு ஏறி, நிலத்துக்கும் ட்ரோனுக்கும் 50 மீட்டர்தான் என்றாகும்போது படத்தில் 50 மீட்டர் அகலம்தான் விழும். இடைவெளி அதே 30. இப்போது 40 சதவீதம்தான் ஒட்டும். 25 மீட்டருக்கு வந்தால் இரண்டு வரிசைக்கு நடுவே ஓட்டையே விழும். பள்ளம் நன்றாக வந்து, மேடு மட்டும் கிழிந்த படத்துக்குக் காரணம் இதுதான். ஆகவே இடைவெளியை மேட்டைக் கணக்கில் வைத்துப் போடச் சொல்லுங்கள்.

திரும்பி வரும் உயரம்

சிக்னல் அறுந்தால் அல்லது பேட்டரி இறங்கினால், ட்ரோன் தானாகவே முன்பு சொல்லிவைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் கிளம்பிய இடத்துக்கு வரும். பெரும்பாலான ட்ரோன்களில் இந்த ஏற்பாடு உண்டு. நேர்கோட்டில் என்பதைக் கவனியுங்கள். நடுவில் மேடு இருந்தால் சுற்றிக்கொண்டு வரத் தெரியாது.

நாம் நிற்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 1,050 மீட்டர். நடுவில் இருக்கும் மேடு 1,110 மீட்டர். அதன் மேல் மரம் 20 மீட்டர். பாதுகாப்புக்கு இடைவெளி 30 மீட்டர். கூட்டினால் 1,160. அதிலிருந்து 1,050-ஐக் கழித்தால் 110. திரும்பி வரும் உயரம் 110 மீட்டர் என்று வைக்க வேண்டும்.

ஆனால் மேட்டுக்கு அந்தப் பக்கப் பள்ளம் 1,030 மீட்டரில் இருக்கிறது. அங்கே 1,160-க்கு ஏறினால் நிலத்திலிருந்து 130 மீட்டர். 120-ஐத் தாண்டிவிட்டது! என்ன செய்வது? மேட்டைத் தாண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்து நிலத்தை இங்கே நின்று முடியுங்கள். பிறகு அந்தப் பக்கம் நடந்துபோய், அங்கே நின்று இன்னொரு பயணமாக முடியுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். மேட்டுக்கு அப்பால் போனால் ட்ரோன் கண்ணுக்கும் தெரியாது, ரிமோட்டின் சிக்னலும் மலையை ஊடுருவாது. ட்ரோன் கண்ணுக்குத் தெரியும்படியே பறக்க வேண்டும் என்பதை எப்போதும் விடக் கூடாது.

காற்று, பனி, பேட்டரி

வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று பள்ளத்திலிருந்து மேல்நோக்கி அடிக்கும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்து கீழ்நோக்கி இறங்கும். பனிமூட்டம் விலகிய பிறகு, வெயில் உறைக்கும் முன் உள்ள காலை நேரம்தான் பொதுவாக அமைதியானது. மேட்டின் மறைவுப் பக்கத்தில் காற்று சுழன்று கீழே அமுக்கும், அங்கே தாழப் பறக்கக் கூடாது.

மலையில் பருப்பு வேக நேரமாகிறது அல்லவா? அங்கே காற்று லேசு. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. லேசான காற்றில் ட்ரோனின் விசிறி கூடுதலாக உழைக்க வேண்டும். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். பத்து லிட்டர் மருந்தோடு விவசாய ட்ரோன் 25 கிலோவை நெருங்கும். சமவெளிக்கு எழுதிய நேரக் கணக்கை மலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரியில் 30 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே ட்ரோன் தரையில் இருக்க வேண்டும் என்று குழுவில் ஒரு கட்டுப்பாடு வையுங்கள். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறித் திரும்ப வேண்டுமென்றால் இன்னும் கூடுதல் மிச்சம் வேண்டும்.

சட்டம் சொல்வது

வாடகைக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அதற்கு 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ட்ரோனுக்கு வண்டி நம்பர் போல தனி அடையாள எண்ணும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். உங்கள் பகுதி எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை சிவில் விமானப் போக்குவரத்துத் துறை இணையத்தில் வைத்துள்ள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். காப்புக் காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையிடம் கேட்காமல் பறக்கவிடாதீர்கள். சத்தத்துக்கு யானை மிரளும், தேனீ கிளம்பும்.

மருந்து விஷயத்தில், ட்ரோனில் தெளிக்க அனுமதிக்கப்பட்டதை மட்டும் பயன்படுத்துங்கள். மலையில் மேலே தெளிப்பது கீழே ஓடையில் சேரும். அந்த ஓடைதான் கீழ் ஊரின் குடிதண்ணீர்.

எல்லா நிலத்துக்கும் ட்ரோன் வேண்டாம்

இதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் வயல் மூன்று சென்ட், நாலு சென்ட் படித்துண்டுகள் என்றால், அல்லது மிளகுக்கொடி ஏறிய மரத்தோப்பு என்றால் தெளிப்பு ட்ரோன் பெரிதாக உதவாது. கைத்தெளிப்பானே போதும். அகலமான சரிவில் திறந்த பயிர் இருந்தால் யோசிக்கலாம். வண்டி போகாத இடத்துக்கு மருந்து கொண்டுபோவதற்கும் ட்ரோன் பயன்படுகிறது. மலைகள் நிறைந்த ருவாண்டா நாட்டில் 2016 முதல் மருத்துவமனைகளுக்கு ரத்தம் இப்படிப் போகிறது. மணிப்பூரில் 2021 அக்டோபரில் பிஷ்ணுபூரிலிருந்து லோக்டாக் ஏரியின் காரங் தீவுக்கு கொரோனா தடுப்பூசி ட்ரோனில் போனது. பாதையில் 26 கிலோமீட்டர், வானத்தில் 15 கிலோமீட்டர்தான். இவையெல்லாம் உரிய அனுமதி வாங்கி, பாதையை முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தவை.

பறக்கவிடும் முன் குழு செய்ய வேண்டியவை

1. நிலத்தின் நான்கு மூலையையும் நடுமேட்டையும் இரண்டு பேராவது நடந்து பாருங்கள்.
2. கம்பி, கோபுரம், உயர்ந்த மரம், தேன்கூடு, ஓடை, கிணறு, வீடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து ட்ரோன் ஓட்டுபவரிடம் கொடுங்கள்.
3. "இந்த உயரம் எங்கிருந்து? கிளம்பிய இடத்திலிருந்தா, நிலத்திலிருந்தா?" என்று கேளுங்கள்.
4. திரும்பி வரும் உயரத்தின் கூட்டல் கழித்தலை உங்கள் முன்னே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.
5. இறங்கும் இடம் சமமாக இருக்கட்டும். குழந்தைகளும் ஆடுமாடும் வராமல் ஒருவர் காவல் நிற்கட்டும்.
6. முதல் தடவை மருந்தில்லாமல், உயரத்தைக் கூட்டிவைத்து வெறும் பயணம் ஒன்று போய்வரட்டும்.
7. காற்று, பனி, மழை ஏதாவது சரியில்லை என்று ஒருவர் சொன்னாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கூலி நட்டம் சின்ன நட்டம்.

கூட்டத்தில் பேசுவோம்

* நம் ஊரில் ட்ரோன் பறந்தால் குறுக்கே வரும் மூன்று தடைகள் எவை?
* நம் ஊரில் காற்று அமைதியாக இருக்கும் நேரம் எது? மாதத்துக்கு மாதம் மாறுகிறதா?
* நாம் நிற்கும் இடம் 900 மீட்டர், மேடு 940 மீட்டர், மரம் 15 மீட்டர், இடைவெளி 30 மீட்டர். திரும்பி வரும் உயரம் எவ்வளவு? (விடை: 85 மீட்டர்)

மூன்றாவது கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுப் போடச் சொல்லாமல், நீங்களே போட்டுப் பாருங்கள். கூட்டலும் கழித்தலும்தான். மாதாமாதம் சந்தாவும் உள்கடன் வட்டியும் கணக்குப் பார்க்கிற உங்களுக்கு இது பெரிய காரியமில்லை. உங்கள் ஊரின் தடைகளை வரைந்த தாளை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லா ஊர்த் தாளையும் சேர்த்துக் கோப்பில் வைப்போம். ட்ரோன் என்றைக்கு வந்தாலும், யார் கொண்டு வந்தாலும், முதலில் அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்வோம்.

வாழ்த்துகளுடன்,
கள ஒருங்கிணைப்பாளர்